அணியத்தில் கட்டிய மாலை

புளியடிப்பாட்டில் யாராவது ஒரு பொய் சொல்ல நினைத்தால், மதலேனா பக்கத்தில் நிற்கிறாரா என்று முதலில் சுற்றிப் பார்த்துக்கொள்வார்கள். முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் கடலுக்குப் பயப்படாத ஆட்கள் பலர் உண்டு. மதலேனாவுக்குப் பயப்படாதவர் ஒருவரும் இல்லை.

மதலேனா பொய் சொல்லமாட்டார். அதைக் குணம் என்பதை விடத் தொழில் என்று சொல்லலாம். செத்த வீட்டில் எல்லாரும் "தங்கமான மனிசன்" என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, மதலேனா பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "குடிச்சுக் குடிச்சுத்தான் போய்ச் சேர்ந்தவர். ஆனா வலை நல்லாப் பொத்துவார்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் உட்காருவார். கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தாயிடம், "பெட்டை நல்ல பெட்டை. மீன் பொரிச்சால் மட்டும் உள்ளுக்கை வேகாது" என்று சொன்னது இன்றைக்கும் ஊரில் பேச்சாக இருக்கிறது. புயல் அடித்த பிறகு சேதம் பார்க்க வந்த அதிகாரி, உடைந்து கிடந்த ஒரு வள்ளத்தைக் காட்டி, "இதுவும் புயலிலைதானோ?" என்று கேட்டார். "இது போன வருசமே உடைஞ்சது. வெறியிலை கொண்டுபோய்க் கல்லிலை ஏத்தினவர்" என்று விளக்கம் கொடுத்தவர் மதலேனாதான். வள்ளத்தின் சொந்தக்காரர் அப்போது பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அவருடைய புருசன் பஸ்தியாம்பிள்ளை நேர் எதிர். அவர் பிடிக்கிற மீன் கடலில் இருந்து வீட்டுக்கு வருவதற்குள் ஒரு முழம் வளரும். வீட்டில் இருந்து சந்திக் கடைக்குப் போவதற்குள் இன்னொரு முழம் வளரும். ஒருமுறை சுறா தன்னோடு கதைத்தது என்று சொன்னார். என்ன கதைத்தது என்று கேட்டதற்கு, அதைக் கரையில் சொல்லவேண்டாம் என்று சுறா கேட்டுக்கொண்டதாம். ஊருக்குப் பஸ்தியரில் விருப்பம், மதலேனாவில் மரியாதை. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று மதலேனாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் யாரிடமாவது சொல்லியிருப்பார்.

பாவசங்கீர்த்தனத்துக்கு மதலேனா மாதம் தவறாமல் போவார். அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் நிலத்தில் குந்திவிடுவார்கள். அவ்வளவு நேரம் எடுக்கும்.

"சுவாமி, என்ரை மனிசன் வாயைத் திறந்தால் பொய். பிறின்சி செபமாலை சொல்லேக்கை இடையிலை ஃபோன் பாக்கிறவள். சின்னராசா ஐசிலை கிடந்த பழைய மீனை இண்டைக்குப் பட்ட மீன் எண்டு விக்கிறார்..."

பங்குச் சுவாமியார் இளம் ஆள், பொறுமைசாலி. முழுவதையும் கேட்டுவிட்டு, "அம்மா, உங்கடை பாவத்தைச் சொல்லுங்கோ" என்பார்.

"அதுதான் சுவாமி, தேடிப் பாத்தனான். இந்த மாதம் ஒண்டும் அகப்படேல்லை."

"வடிவாத் தேடுங்கோ."

மதலேனா வீட்டுக்குப் போய் உண்மையாகவே தேடுவார். குசினியில் அரிசி களைந்துகொண்டே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். கோபம்? அது நியாயமான கோபம். பெருமை? உள்ளதைச் சொல்வதில் என்ன பெருமை? புறணி? முகத்துக்கு முன்னாலேயும் சொல்கிறேன்தானே. இப்படி எல்லாப் பாவங்களையும் விசாரித்து எல்லாவற்றையும் விடுதலை செய்துவிட்டு உலையை வைப்பார்.

ஒக்டோபர் மாதம் வந்தால் அந்த ஊரில் மாதா வீடு வீடாக வருவா. செபமாலை மாதம் என்பதால் கோயிலில் இருக்கிற சின்ன மாதா சுருவம், அதாவது சிலை, ஒரு வீட்டில் ஓர் இரவு தங்கும். பின்னேரம் அந்த வீட்டில் செபமாலை நடக்கும். அடுத்த நாள் பின்னேரம் வீட்டுக்காரரே சுருவத்தைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் ஒப்படைக்கவேணும். மாதாவின் கழுத்தில் ஒரு மெல்லிய தங்கச் சங்கிலி கிடந்தது. பிரான்சுக்குப் போன மகனுக்கு விசா கிடைத்ததற்காகப் பிறின்சி போட்ட நேர்த்தி அது. பிறின்சி செபமாலைக் குழுவின் தலைவி. சங்கிலி மெல்லியது என்று அவருடைய முகத்துக்கு முன்னால் சொன்னவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த வருடம் மதலேனாவின் பக்கத்து வீட்டுச் சுப்பம்மா, மாதா தன் வீட்டுக்கும் வரவேணும் என்று கேட்டார்.

சுப்பம்மா சைவக்காரி. அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த சனம். யுத்தம் முடிந்த வருடம் செட்டிகுளத்து முகாமில், தண்ணீர் வரிசையில், மயக்கம் வந்து நின்ற மதலேனாவின் வாளியைத் தன்னுடைய வாளிக்கு முன்னால் எடுத்து வைத்தவர். அந்த வரிசையில் யாரும் யாருக்கும் செய்யாத காரியம் அது. முகாமை விட்டு வெளியில் வரும்போது மதலேனாதான், "எங்கடை பக்கம் வாவன், காணி கிடக்கு" என்று கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்குத் தொடக்கம் சுப்பம்மா சின்னராசாவின் வாடியில், அதாவது கரையோர மீன் கொட்டிலில், மீன் கீறிக் கருவாடு போட்டுச் சீவிக்கிறார். அவருடைய மகள் ரஜிதாவுக்கு நெளுக்குளத்தில் ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்தது. அது சரிவரவேணும் என்பதற்காகத்தான் மாதாவைக் கேட்டார்.

சைவ வீட்டுக்கு மாதா போகலாமா என்று குழுவில் கதை வந்தது. "வேதப் புத்தகத்திலை மாதா கானாவூருக்கும் கலியாணத்துக்குத்தானே போனவா. ஆர் வீடு எண்டு கேட்டுக்கொண்டா போனவா?" என்று மதலேனா கேட்டார். அதோடு கதை முடிந்தது. வரிசைப்படி சுப்பம்மா வீடு, அடுத்தது மதலேனா வீடு, அதற்கடுத்தது பிறின்சி வீடு என்று முடிவானது.

சுப்பம்மா மாதாவுக்கு மாலை கட்டினார். சும்மா மாலை இல்லை. அலரியும் செவ்வந்தியுமாக, மாதாவின் நாடி தொடக்கம் பாதம் வரைக்கும் மூடுகிற மாலை. நாருக்குப் பதிலாக வாடியில் கிடந்த தங்கூசியில், அதுதான் வலை கட்டுகிற நைலோன் நூலில், கட்டியிருந்தார். அந்த மாலையோடு சுருவத்தைத் தூக்கி வந்து மதலேனா வீட்டில் ஒப்படைத்தபோது மாதாவின் முகம் மட்டும்தான் வெளியில் தெரிந்தது.

செபமாலை முடிந்து சனம் போன பிறகு, மதலேனா தன்னுடைய மாலையைப் போடுவதற்காக அந்தப் பெரிய மாலையைக் கழற்றினார். மாதாவின் கழுத்தில் கிடந்த மாலையைக் குப்பையில் போடக்கூடாது. கடற்சனம் அதை வள்ளத்தின் அணியத்தில் கட்டுவார்கள். அணியம் என்றால் வள்ளத்தின் முன்பக்கம். பஸ்தியாம்பிள்ளை விடியத் தொழிலுக்குப் போகும்போது மாலையைக் கொண்டுபோய்க் கட்டினார்.

அன்று பின்னேரம் மதலேனா சுருவத்தைப் பிறின்சியின் வீட்டு மேசையில் வைத்தார். பிறின்சி மாதாவின் கழுத்தைப் பார்த்தார். மாலையை விலக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அக்கா, சங்கிலி எங்கை?"

"என்ரை வீட்டுக்கு வரேக்கையே இல்லை" என்றார் மதலேனா.

பொய் சொல்லவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவர் சங்கிலியைக் காணவில்லை; மதலேனாவின் கண்ணில் படாதது உலகத்தில் இருக்காது என்று அவர் மனதார நம்பினார். தான் காணவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அது அவருடைய நாக்குக்குப் போதாது.

ஊர் சுப்பம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றும் கேட்காமல் ஒருவரைக் கொல்லுவதில் எங்கள் சனத்தை வெல்ல ஆளில்லை. சின்னராசா, "மீன் குறைவு, இருந்தால் சொல்லி அனுப்புறன்" என்றார். வாடியில் மீன் குவிந்து கிடந்தது. கடையில் சுப்பம்மா வந்தால் கதை நின்றது. கிணற்றடியில் காயப்போட்ட துணிகளை அவசரமாக எடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். மதலேனாவும் கதைப்பதை நிறுத்திவிட்டார். அவருக்குக் கவலை கவலையாக வந்தது. "வாளியை முன்னுக்கு வைச்ச மனிசி இப்பிடிச் செய்வாள் எண்டு நினைக்கேல்லை" என்று புருசனிடம் சொன்னார்.

பஸ்தியாம்பிள்ளைக்கு அதைக் கேட்க நேரமில்லை. அந்த நாட்களில் அவருக்கு அப்படி மீன் பட்டது. சந்திக் கடையில் இருந்து, "மாதா தன்ரை நகையோடை என்ரை வள்ளத்திலை நிக்கிறா" என்று அளந்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் தன் வாழ்நாளில் சொன்னவற்றுள் அப்பழுக்கில்லாத உண்மை அதுதான். பாவம், அவருக்கே அது தெரியாது.

தெரிய வந்தது மதலேனாவுக்கு. ஒரு காலமை கூடையோடு கரைக்குப் போனவர், வள்ளத்தில் இருந்து மீன் இறக்கும்வரைக்கும் அணியத்தில் கையூன்றி நின்றார். பூவெல்லாம் உதிர்ந்துபோய்த் தங்கூசி மட்டும் கிடந்தது. தங்கூசியோடு முறுக்குப்பட்டு, உப்பு பூத்து, பிறின்சியின் மெல்லிய சங்கிலி கிடந்தது.

 பஸ்தியர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். சங்கிலியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, கூடையையும் விட்டுவிட்டு, நேரே பிறின்சி வீட்டுக்கு நடந்தார். சொல்லத்தான் போனார். அதில் சந்தேகமில்லை. படலையில் கை வைத்தபோது பிறின்சி உள்ளே இருந்து வந்தார்.

"அக்கா, நல்ல நேரம் வந்தியள். இப்பதான் இவரோடை கதைச்சனான். நீங்கள் இல்லாட்டி எங்களிலை எல்லே பழி வந்திருக்கும். மதலேனாக்கா சொன்னால் வேதவாக்கு எண்டு சொன்னனான்."

மதலேனா படலையில் இருந்து கையை எடுத்தார். "இல்லை, சும்மா இதாலை போனனான்" என்றார்.

வழிநெடுக, தான் அந்தப் பக்கத்தால் போனது உண்மைதானே என்று தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தைப் பெரிய பெரிய கள்ளர்களும் செய்வார்கள். மாதா அப்போது கோயிலடி வீடொன்றில் இருந்தா. செபமாலை முடிந்ததும் மதலேனா, "மாலை வாடிப்போச்சு, நான் மாத்திவிடுறன்" என்று முன்வந்து, மாலையோடு சேர்த்துச் சங்கிலியையும் மாதாவின் கழுத்தில் போட்டுவிட்டார். எல்லாரும் தேத்தண்ணி குடிக்க முற்றத்துக்குப் போயிருந்தார்கள். சுப்பம்மா மட்டும் பின்னால் சுவரோரமாக முழங்காலில் இருந்தார். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் வந்தார். மதலேனா விலகியதும் எழும்பி வந்து மாதாவின் காலைத் தொட்டு அழுதுவிட்டுப் போனார்.

மறுநாள் சங்கிலியைக் கண்டு ஊரே கத்திக் குழறியது. பிறின்சி நெஞ்சில் கை வைத்து, "மாதா கள்ளியின்ரை மனசை மாத்திப்போட்டா!" என்றார். நேற்று மாதாவின் காலைப் பிடித்து அழுதது யார் என்பதை முற்றத்தில் இருந்து திரும்பி வந்த ஐந்தாறு பேர் கண்டிருந்தார்கள். வேறு சாட்சி எதற்கு?

சங்கிலி போனபோது சுப்பம்மாவில் சந்தேகம் மட்டும்தான் இருந்தது. சங்கிலி வந்தபோது அது தீர்ப்பாகிவிட்டது.

ஊர் அவரை மன்னித்தது. மன்னிப்பு என்றால் அப்படியொரு மன்னிப்பு. பிறின்சி பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டு போய், "நடந்ததை விடுவம் சுப்பம்மா, மனிசர் எண்டால் தவறுறதுதான்" என்று கட்டிப்பிடித்தார். சின்னராசா வாடிக்குத் திரும்பக் கூப்பிட்டார். கண் வைத்திருக்கச் சொல்லி இன்னொரு பெண்ணையும் பக்கத்தில் இருத்தினார். ஞாயிற்றுக்கிழமை சுவாமியார், ஒன்றும் தெரியாதவர், சிலுவையில் மனம் திரும்பிய நல்ல கள்வனைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் வைத்தார். சனம் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. தோழியரோடு பூசைக்கு வந்திருந்த ரஜிதாவைக் கூட்டிப்போக வாசலில் வந்து நின்ற சுப்பம்மாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பழி சொன்னால் மறுக்கலாம். பணியாரத்தோடு வருகிற மன்னிப்பை என்னவென்று மறுப்பது?

அந்தக் கிழமைதான் நெளுக்குளத்தில் இருந்து மாப்பிள்ளையின் மாமன்காரன் விசாரிக்க வந்தார். சந்திக் கடையில் கேட்டார். கடைக்காரன், "மதலேனா அக்காவிட்டைப் போங்கோ. அவா பொய் சொல்ல மாட்டா" என்று வழி காட்டினான்.

வந்தவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மெல்லக் கேட்டார். "சனம் எப்பிடியம்மா?"

"நல்ல சனம்" என்றார் மதலேனா.

"ஏதோ சங்கிலிக் கதை ஒண்டு..."

மதலேனாவின் வாய் திறந்தது. திறந்து, "அது திரும்பி வந்திட்டுது" என்றது.

வந்தவர் தலையை ஆட்டினார். "விளங்குது அம்மா. அயலட்டையை விட்டுக்குடுக்காமல் சொல்லுறியள். நல்ல மனிசி நீங்கள்." கோப்பையை வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாளில் நெளுக்குளத்தில் இருந்து, இப்போதைக்கு அவசரமில்லை என்று செய்தி வந்தது. பக்கத்து வீட்டில் ரஜிதா அழுகிற சத்தம் மதலேனாவின் குசினிக்குக் கேட்டது.

நல்ல சனம், உண்மை. சங்கிலி திரும்பி வந்தது, அதுவும் உண்மை. தான் சொன்னவற்றை மதலேனா திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலும் பொய் இல்லை. ஆனாலும் சோறு இறங்கவில்லை. வெட்கம் என்றால் என்னவென்று அந்த வயதில் அவருக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். பின்னால் நின்றவர்கள் வழக்கம்போலக் குந்தினார்கள்.

"சுவாமி, ஒண்டு அகப்பட்டிட்டுது" என்றார் மதலேனா. முழுவதையும் சொன்னார். இந்த முறை வேறு ஒருவருடைய பேரும் வரவில்லை.

 சுவாமியார் தன் பிரசங்கத்தை நினைத்தாரோ என்னவோ. பிறகு, "ஊருக்கு முன்னாலை போன பேரை ஊருக்கு முன்னாலைதான் திருப்பிக் குடுக்கவேணும் அம்மா" என்றார்.

"நீங்கள் பிரசங்கத்திலை சொல்லேலாதோ சுவாமி?"

"இஞ்சை கேட்டதை நான் வெளியிலை சொல்லேலாது."

"என்ரை பேரைச் சொல்லாமல்?"

"அம்மா" என்றார் சுவாமியார். அதோடு மதலேனா எழும்பினார்.

முதலில் சுப்பம்மாவிடம் போனார். சுப்பம்மா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். மதலேனா நின்றபடியே சொன்னார். சங்கிலி மாலையோடு வந்தது, வள்ளத்தில் கிடந்தது, தான்தான் திரும்பப் போட்டது.

"தெரியும் அக்கா" என்றார் சுப்பம்மா. "நீங்க போட்டதப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அப்ப ஏன் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

சுப்பம்மா கையில் இருந்த கருவாட்டைத் தட்டிப் பாயில் வைத்தார். கோபமில்லாமல் சொன்னார். "சொன்னா யாரு நம்புவா? நீங்கதான் பொய் சொல்லாத ஆளாச்சே."

மதலேனா அங்கேயே மண்ணில் இருந்துவிட்டார். தன்னுடைய அறுபத்துச் சொச்ச வயது வரைக்கும் சேர்த்து வைத்த நல்ல பேர் எதற்குப் பயன்பட்டிருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தார். அழுதார். சுப்பம்மா கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்லவில்லை. சொல்லவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

மாதக் கடைசியில் மாதா கோயிலுக்குத் திரும்பி வருகிற பின்னேரம் ஊரெல்லாம் கூடும். செபமாலை முடிந்ததும், மாதாவிடம் பெற்ற நன்மைகளைச் சொல்ல விரும்புகிறவர்கள் எழும்பிச் சொல்லலாம். ஒருவருக்குச் சலரோகம் குறைந்தது. ஒருவருக்குக் காணி உறுதி கிடைத்தது. மதலேனா எழும்பினார். மைக்கைப் பிறின்சி கொண்டுவந்து கொடுத்தார்.

"சுப்பம்மா சங்கிலியை எடுக்கேல்லை" என்றார் மதலேனா. "நான் மாலையைக் கழட்டேக்கை சங்கிலியும் சேர்ந்து வந்திட்டுது. அது என்ரை மனிசன்ரை வள்ளத்திலை கிடந்தது. நான்தான் கொண்டுவந்து போட்டனான்."

 யாரோ ஒரு பெண் விம்மினார். பிறின்சி ஓடி வந்து மதலேனாவைக் கட்டிப்பிடித்தார்.

"பாத்தியளே! மற்றவளின்ரை பாவத்தைத் தன்ரை தலையிலை போடுறா. இதுதானே ஆண்டவர் செய்தது!"

சனம் கண்ணைத் துடைத்தது. மதலேனா பிறின்சியைத் தள்ளிவிட்டார். "விசர்க் கதை கதையாதை. உண்மையாச் சொல்லுறன்!"

"அவாவின்ரை பணிவைப் பாருங்கோ" என்றார் பிறின்சி.

ஆண்கள் பக்கத்தில் பஸ்தியாம்பிள்ளை எழும்பினார். மனைவி கரையில் கூடையை விட்டுவிட்டு ஓடிய காலமை அவருக்கு இப்போதுதான் விளங்கியது. "அவ சொல்லுறது சரி. மாலையை அணியத்திலை கட்டினது நான்தான்" என்றார்.

"சுறாவும் கண்டதோ பஸ்தியண்ணை?" என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. கோயில் சிரித்தது. ஒரு வீட்டில் இரண்டு பேர் உண்மை சொன்னார்கள். ஒருவர் பொய்யே சொல்லாதவர் என்பதால் நம்பவில்லை. மற்றவர் பொய்யே சொல்கிறவர் என்பதால் நம்பவில்லை.

மதலேனா வாசல் பக்கம் பார்த்தார். சுப்பம்மா நின்றார், பக்கத்தில் ரஜிதா. இரண்டு பேருடைய முகத்திலும் எந்த எதிர்பார்ப்பும் இல்லை. அதைப் பார்த்தபோது அவருக்குள் ஏதோ ஒன்று விட்டுப்போனது. மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

"நான் களவெடுத்தனான்" என்றார். "கள்ளி நான். எடுத்து ஒளிச்சு வைச்சுக்கொண்டு, பழி அவளிலை போகப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

அதை எல்லாரும் உடனே நம்பினார்கள்.

நம்பியது முகத்தில் தெரிந்தது. பிறின்சி ஓரடி பின்னால் போனார். விம்மிய பெண் விம்மலை நிறுத்தினார். "அப்பவே நினைச்சனான்" என்று யாரோ சொன்னது மைக் இல்லாமலே கேட்டது. மரித்தவர்களையும் மணப்பெண்களையும் வள்ளங்களையும் பற்றி மதலேனா சொன்னதெல்லாம் ஊருக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. நல்லவர் ஒருவர் தவறிவிட்டார் என்றால் கேட்கிறவனுக்கு ஒரு நிம்மதி வரத்தான் செய்கிறது. எனக்கும் வரும், உங்களுக்கும் வரும்.

வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்தியாம்பிள்ளை வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார். "இஞ்சரும், நீர் இண்டைக்குப் பொய் எல்லே சொன்னனீர்?"

"இல்லை" என்றார் மதலேனா. "சங்கிலி தவறித்தான் வந்தது. அவளின்ரை பேரை நான் தெரிஞ்சுகொண்டுதான் எடுத்து வைச்சிருந்தனான். அது களவுதான்."

 இருட்டில் பஸ்தியர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

செய்தி பஸ்ஸுக்கு முந்தி நெளுக்குளம் போய்ச் சேர்ந்தது. மாமன்காரன் மறுபடியும் வந்தார். இந்த முறை மதலேனா வீட்டுக்கு வரவில்லை. தையில் ரஜிதாவுக்குக் கலியாணம் நடந்தது. சின்னராசா, கண் வைத்திருக்கப் போட்ட பெண்ணை நிறுத்தினார். ஊர் மதலேனாவிடம் உண்மை கேட்பதை நிறுத்தியது. அதற்குப் பதிலாகப் பெண்கள் சிலர் குசினிப் பக்கமாக வந்து தங்கள் கதைகளைச் சொல்லத் தொடங்கினார்கள். கள்ளியிடம் சொல்ல என்ன பயம்? மதலேனா கேட்டுக்கொண்டிருப்பார். பாவசங்கீர்த்தனத்தில் அவருக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு இப்போது குந்த நேரமில்லை.

அடுத்த ஒக்டோபர் வந்தது. குழுவில் பிறின்சி ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார். மாதா மதலேனா வீட்டுக்குப் போவதற்கு முன்னால் சங்கிலியைக் கழற்றித் தன்னிடம் தந்துவிடவேணும். அங்கிருந்து வந்த பிறகு திரும்பப் போடலாம். மதலேனாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். நல்லது என்றார்.

வரிசை பழைய வரிசைதான். சுப்பம்மா பின்னேரம் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரிய மாலை, தங்கூசியில் கட்டியது. மதலேனா வாசலில் நின்று வாங்கப் போனவர், மாலைக்கு மேலால் மாதாவின் கழுத்தில் சங்கிலி மினுங்கியதைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார்.

"பிறின்சி உனக்குச் சொல்லேல்லையே?"

"சொன்னாங்க."

"பேந்தென்ன?"

"மாதா கழுத்துல இருந்து நான் ஒண்ணும் எடுக்கமாட்டேன் அக்கா" என்றார் சுப்பம்மா. "அன்னிக்கும் எடுக்கல. இன்னிக்கும் எடுக்கல."

 மதலேனா இரண்டு கையாலும் சுருவத்தை வாங்கினார். செபமாலை முடிந்து சனம் போன பிறகும் சுப்பம்மாவைப் போகவிடவில்லை. "நான் மாலையைக் கழட்டுறன், நீ விளக்கைக் கிட்டப் பிடி" என்றார்.

சுப்பம்மா விளக்கைப் பிடித்தார்.